திரைக்குப் பின்னால் பேசியவள்

786

அதிராம்பட்டினம்
10-2-1974

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஹமீதா பானு ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளை ஜன்னத்தும் சுகம். துபாயில் நீங்கள் சுகமாக இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறோம். கடற்கரைத் தெரு ஹாஜியாரிடம் கொடுத்தனுப்பிய சோப்பும் தைலமும் வந்து சேர்ந்தன. தைலத்தில் பாதியை உங்கள் ராத்தா சைத்தூன் பீவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி அனுப்பியது தனக்குத்தானாம், என் பெயர் மேலே தவறிப்போய் எழுதியிருக்கிறதாம். நான் சண்டைக்குப் போகவில்லை. உங்களிடம் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. வாசல் கதவு தட்டும்போது "யாரு?" என்று நான் கேட்பதும், நீங்கள் பெயரைச் சொல்லாமல் தொண்டையை மட்டும் கனைப்பதும் நினைவுக்கு வருகிறது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வாய் திறந்து பெயரைச் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நாகம்மாள் என்று ஒரு பெண் கொல்லைவாசலில் வந்து நின்றாள். ஆலங்கோட்டகத்திலிருந்து வருகிறாளாம். முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்த ஊரின் பெயரை நான் கேட்டதுகூட இல்லை. தலையில் துண்டு, கால் முழுக்கப் புழுதி. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஹமீதா பானு அம்மா, ஒங்க நெலத்துல எங்க மாமனாரு காலத்துலேர்ந்து பாடுபடறோம். அறுப்பு முடிஞ்சதும் எறங்கிடணும், குடிசையையும் பிரிச்சுக்கணும்னு நீங்க சொல்லிவிட்டதா பண்ணைக் காரியஸ்தரு சொன்னாரு. நாங்க ஒங்களுக்கு என்ன கொறை வச்சோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஏது நிலம்? வேறு ஹமீதா பானுவாக இருக்கும் என்றேன். அவள் உங்கள் பெயரைச் சொன்னாள், நீங்கள் பண்ணையார் மில்லில் கணக்கு எழுதியதைச் சொன்னாள், நம் தெருவையும் சொன்னாள். பிறகு மடியிலிருந்து ஒரு முடிச்சு புது அரிசியை எடுத்துப் படியில் வைத்தாள். நிலத்துக்காரங்களுக்கு முதல் அரிசி கொடுப்பது வழக்கமாம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அடுப்படிப் பலகைமேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என் பெயரைச் சொல்லித் திருடிய மாதிரி இருக்கிறது. இது என்ன சங்கதி என்று விவரமாக எழுதுங்கள்.

தங்கள்
ஹமீதா பானு

---

துபாய்
3-3-1974

அன்புள்ள ஹமீதாவுக்கு,

கபீர் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஜன்னத்துக்கு என் முத்தம். இங்கே வேலை அதிகம். கடைக்குப் பின்னால் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிறோம், மின்விசிறி ஒன்று. அதை எழுதி உன்னை வருத்த வேண்டாம் என்று பார்த்தேன்.

நீ கேட்ட சங்கதி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, ஆனால் வெளியே போகக் கூடாதது. அரசாங்கம் உச்சவரம்பு என்று சொல்லி, அளவுக்கு மேல் இருக்கிற நிலத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும், பண்ணையார் தன் நிலத்தைப் பிரித்துப் பல பேர் பெயரில் எழுதி வைத்தார். நம் கல்யாணம் முடிந்த வருஷம் அது. ஆலங்கோட்டகத்து நிலத்தை உன் பெயரில் எழுதினார். என்னிடம் கேட்டார், சரி என்றேன். மில்லில் அவர் சோற்றைத் தின்கிறவன் வேறு என்ன சொல்வேன்? உனக்குச் சொல்லவில்லை, சொல்லும்படியான விஷயமாக அப்போது தோன்றவில்லை. பெயர்தான் உன்னுடையது. நிலமும் விளைச்சலும் அவருடையவை.

இதைக் காப்பாற்றுவது நம்மேல் அமானிதம். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்ததை வெளியே விடக் கூடாது. இந்த வேலைக்கு விசா வாங்கித் தந்ததே பண்ணையார் மகன்தான். அவன் இங்கே என் முதலாளியோடு கூட்டு வியாபாரம் செய்கிறான். நன்றாக யோசித்துக்கொள்.

நிலம் உண்மையில் யாருடையது என்று விசாரிக்க அதிகாரி வருவார் போலிருக்கிறது. நீ பயப்பட வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். காரியஸ்தர் காயாரோகணம் ராத்தாவிடம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உன் இடத்தில் ராத்தா உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவார்கள். யார் பேசுகிறார்கள் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியப் போவதில்லை. நீ அடுப்படியில் இரு, போதும்.

அந்தப் பெண் மறுபடியும் வந்தால் பேச்சுக் கொடுக்காதே.

அன்புடன்
அஹமது கபீர்

---

786

அதிராம்பட்டினம்
22-4-1974

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ராத்தா எனக்கு முந்திக்கொண்டு உங்களுக்குத் தந்தி அடித்திருப்பார்கள். இருந்தாலும் என் வாயால் கேளுங்கள்.

அதிகாரி வந்தார். வயதானவர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். கூட ஒரு எழுத்தரும் காயாரோகணமும். உங்கள் காரியஸ்தர் தோளில் இப்போது கட்சிக் கரை போட்ட துண்டு, தெரியுமா? ஏழைக்கு நிலம் கொடுக்கப் போகிற கட்சி. அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் நாகம்மாள் வீட்டைப் பிரிக்கச் சொல்கிறார். என்னவோ போங்கள்.

கூடத்துக் கதவில் திரை போட்டோம். ராத்தா இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் நீங்கள் சொன்னபடி அடுப்படியில்தான் இருந்தேன். அதிகாரி முதலில் பெயரைக் கேட்டார். "ஹமீதா பானு" என்றார்கள் உங்கள் ராத்தா, கொஞ்சமும் கூசாமல்.

என் பெயரை இன்னொருவர் வாயில் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஜன்னத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு எழுந்து நின்றேன்.

நிலத்துக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்று கேட்டார். "ஆத்துலேர்ந்து" என்றார்கள். எந்த ஆறு என்றதும் இருமினார்கள். அங்கே குடியிருப்பவர்களை ஏன் காலி செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கு மட்டும் பதில் நன்றாகப் பாடமாகியிருந்தது: "அவங்க சரியா குத்தகை அளக்கறதில்லை. எனக்கு அவங்க வேண்டாம்."

எனக்கு வேண்டாமாம். நாகம்மாள் எனக்கு வேண்டாமாம். அவள் வைத்துவிட்டுப் போன அரிசி என் தலைக்கு மேல் பலகையில் இருக்கிறது, எனக்கு அவள் வேண்டாமாம்.

என் கால்கள் தாமாக நடந்தன. திரைக்கு அருகில் போய், "நான்தான் ஹமீதா பானு. இவ்வளவு நேரம் பேசினது நான் இல்லை. அந்த நிலத்தை நான் பார்த்ததும் இல்லை, யாரையும் போகச் சொன்னதும் இல்லை. அது பண்ணையார் நிலம்" என்று சொன்னேன்.

வெளியே எழுத்தர் எழுதும் ஓசை கேட்டது. அதிகாரி இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். அவர்கள் எழுந்து போனதும் காயாரோகணம் மட்டும் திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்று, "இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களேம்மா, வளத்த கையையே" என்றார். என்னை அவர் எப்போது வளர்த்தார்?

உங்கள் முதலாளி என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை மச்சான். கோபப்பட்டுவிட்டுப் பிறகு பதில் எழுதுங்கள்.

தங்கள்
ஹமீதா பானு

---

துபாய்
12-5-1974

ஹமீதாவுக்கு,

கோபப்பட்டுவிட்டு எழுதச் சொன்னாய். கோபம் இன்னும் போகவில்லை.

என்ன காரியம் செய்தாய்? சும்மா இருக்கச் சொன்னேன். பேசச் சொல்லவில்லை, பொய் சொல்லச் சொல்லவில்லை, அடுப்படியில் இருக்கச் சொன்னேன். அதுகூட உன்னால் முடியவில்லை. ஊரெல்லாம் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? கபீர் மனைவி காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று இங்கே கடைவரைக்கும் வந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். காட்டிக் கொடுத்தவளின் புருஷன் என்ற பெயர் எனக்கு எதற்கு? நம்பியவரைக் காட்டிக் கொடுப்பதைவிடக் கேவலம் உண்டா?

ராத்தாவை வேறு அதிகாரி முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாய்.

நடந்தது நடந்தது. பண்ணையார் மேலதிகாரிக்கு மனுப் போட்டிருக்கிறார். மறு விசாரணை வரும். நல்லவேளையாக ஒரு வழி இருக்கிறது. அன்று உன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசினார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். முதலில் பேசியதுதான் ஹமீதா, இரண்டாவது பேசியவள் யாரோ பக்கத்து வீட்டுக்காரி, அந்தக் குடியானவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நுழைந்தவள் என்று சொல்லிவிடலாம். காயாரோகணம் எழுதிக்கொண்டு வருவார். கையெழுத்துப் போடு.

இதைச் செய். என் வேலை இதில்தான் தொங்குகிறது.

அஹமது கபீர்

---

786

அதிராம்பட்டினம்
4-6-1974

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தில் ஜன்னத்துக்கு முத்தம் இல்லை. அதை நானே கொடுத்துவிட்டேன், உங்கள் பெயரைச் சொல்லி. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் ஒன்று செய்தால் எப்படி இருக்கிறது பாருங்கள்.

காட்டிக் கொடுத்தாய், காட்டிக் கொடுத்தவள், காட்டிக் கொடுப்பது. ஒரே கடிதத்தில் திரும்பத் திரும்ப அந்தச் சொல்தான். கோலப்பொடி மாதிரி வாசல் முழுக்கத் தூவியிருக்கிறீர்கள். தெருவிலும் அதுதான். நேற்று ஜன்னத் விளையாடப் போய் அழுதுகொண்டே வந்தாள். இவளைச் சேர்க்காதே, இவ உம்மா காட்டிக் குடுக்கறவ என்றார்களாம். காட்டிக் கொடுப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டாள்.

கண்ணாமூச்சியில் ஒருத்தி ஒளிந்திருக்கும்போது, தேடி வருகிறவளிடம் இன்னொருத்தி அவள் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டால் அதுதான் என்றேன். யார் ஒளிந்திருந்தது என்று கேட்டாள். பண்ணையார் என்றேன். எங்கே, நம் வீட்டிலா என்று கண்ணை அகல விரித்தாள். என் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார், என்னைக் கதவாக்கி வைத்திருந்தார் என்றேன். "கதவு பேசிருச்சா?" என்று சிரித்தாள். ஆமாம் மச்சான், கதவு பேசிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு மந்திரி மேடையில் மறைந்திருந்த சங்கதியைச் சொன்னால் பத்திரிகையில் 'வெளியிட்டார்' என்று போடுகிறார்கள். வக்கீல் சொன்னால் 'எடுத்துரைத்தார்'. ஆம்பிளைகள் டீக்கடையில் அடுத்த வீட்டு ரகசியத்தையெல்லாம் பிரித்து மேய்ந்தால் அது பேச்சு. நான் என் பெயர் இன்னது என்று சொன்னால் அதற்கு மட்டும் இந்தச் சொல். சரி, உங்கள் ராத்தா என் பெயரை வைத்துக்கொண்டு பொய் சொன்னார்களே, அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? தேடிப் பார்த்தேன், அதற்கு ஊரில் ஒரு பெயருமில்லை.

அமானிதம் என்று எழுதியிருந்தீர்கள். இதுதான் எனக்கு மிகவும் வலித்தது. ஒப்படைத்தால்தானே அமானிதம்? என்னிடம் யார் ஒப்படைத்தார்கள்? தூங்குகிறவள் மடியில் ஒன்றை வைத்துவிட்டுப் போய், விழித்ததும் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றால் என்ன நியாயம்? உங்களிடம் ஒப்படைத்தார், நீங்கள் சரி என்றீர்கள். அந்தச் சரியை நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் உங்கள் முகத்துக்காக நானும் சரி என்றிருப்பேனோ என்னவோ. கேட்கவே இல்லையே.

காயாரோகணம் காகிதத்தோடு வந்தார். 'அன்று பேசியது நான் அல்ல' என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் யார் சொன்னதென்று ஆகும்? அன்று பேசியவள் ஹமீதா இல்லை என்று ஹமீதா கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடவில்லை. காகிதத்தை மடித்துத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ராத்தா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை நான் கொடுத்தனுப்பிய வட்டலப்பம் திரும்பி வந்தது. இதெல்லாம் எனக்கு லேசாக இல்லை. உங்களிடம் பேச வேண்டும் போல இருக்கிறது, ஆனால் பேசினால் சண்டைதான் வரும் என்று தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். 'ஹமீதா சொன்னாள்' என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கள்
ஹமீதா பானு

---

துபாய்
30-6-1974

ஹமீதாவுக்கு,

நான் இங்கே வெயிலில் வெந்துகொண்டிருக்கிறேன், நீ அங்கே உட்கார்ந்து சொல்லுக்குச் சண்டை பிடிக்கிறாய். எந்தச் சொல்லானால் என்ன? சொன்னதும் காட்டிக் கொடுத்ததும் கடைசியில் ஒன்றாகத்தான் முடிகிறது.

பண்ணையார் மகன் போன வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தான். எல்லோர் முன்னாலும் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினான். என்னைக் கணக்கிலிருந்து மூட்டை தூக்க மாற்றிவிட்டார்கள். என் இடுப்பு உனக்குத் தெரியும். கூட இருக்கிற மீரா உசேன்தான் ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறான். அவனிடமும் நான் ஒன்றும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது?

அந்த நாகம்மாள் யார் உனக்கு? ஒரு நாள் வந்து தண்ணீர் குடித்தவள். நான் யார்?

கடைசியாக எழுதுகிறேன். மறு விசாரணை பட்டுக்கோட்டையில் என்று தெரிந்தது. நீ போய், அன்று பேசியது நான் இல்லை என்று சொல்லு. காயாரோகணம் வண்டி அனுப்புவார், உனக்குத் தனி அறை ஏற்பாடு செய்வார், உள்ளேயிருந்து பேசினால் போதும். நீ இதைச் செய்யாவிட்டால் நான் திரும்பி வந்தாலும் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். ராத்தா வீட்டுக்குத்தான் போவேன். ஜன்னத்தை அங்கே வரவழைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அஹமது கபீர்

---

786

அதிராம்பட்டினம்
18-8-1974

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் இடுப்பை நினைத்து, கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். மீரா உசேன் தம்பிக்கு என் துஆவைச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டைக்குப் போனேன். காயாரோகணத்தின் வண்டியில் இல்லை, பஸ்ஸில். ஜன்னத்தை உம்மாவிடம் விட்டுவிட்டு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போனேன். மேல் அதிகாரி இளவயசுக்காரர். வீட்டுக்கு வந்த பழைய அதிகாரியும் ஓரத்தில் இருந்தார். காயாரோகணம் எழுந்து, இவர்கள் கோஷா வீட்டுப் பெண், ஆண்கள் முன்னால் நிற்க மாட்டார்கள், பக்கத்து அறையிலிருந்து பேச அனுமதிக்க வேண்டும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எதற்கு அந்த மரியாதை என்று எனக்குத் தெரியும். அறைக்குள்ளிருந்து வருகிற குரல் யாருடையதாகவும் ஆகிவிடும்.

"நான் இங்கேயே நிக்கிறேன் ஐயா. மூஞ்சியத்தான் மூடியிருக்கேன், கொரலை மூடலை" என்றேன்.

பெயரைக் கேட்டார். சொன்னேன். அன்று திரைக்குப் பின்னால் இரண்டாவதாகப் பேசியதும் நான்தான் என்றேன். பழைய அதிகாரி தலையை ஆட்டி, அதே குரல்தான் என்றார். உங்களைப் பற்றிக் கேட்டார்கள். மில்லில் வேலை பார்த்தவர், முதலாளி கேட்டதை மறுக்க முடியாத நிலையில் இருந்தவர் என்று சொன்னேன். அதுவும் உண்மைதானே.

தீர்ப்பு இன்னும் எழுதவில்லை. எழுதும்வரை குடிசைகளைத் தொடக் கூடாது, இருப்பவர்களே சாகுபடி செய்யலாம் என்று உத்தரவு. வெளியே வந்தபோது மரத்தடியில் நாகம்மாள் நின்றாள். கும்பிட வந்தாள், கையைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விடப் போகிறோம் என்றாள். அவள் யார் எனக்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. என்னை விசாரிக்க நேரே என் வாசலுக்கு வந்தவள். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதைத் தேடி நடந்து வந்தவள். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அப்படி வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த அரிசி முடிச்சை அவிழ்த்தேன். வண்டு விழுந்திருந்தது. முறத்தில் போட்டுப் புடைத்து உலை வைத்தேன். ஜன்னத் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி நீங்கள் எழுதியதற்குப் பதில். வாசலை மிதிக்க மாட்டேன் என்றீர்கள். எந்த வாசல் மச்சான்? நம் ஊர் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் நிக்காஹ். இது என் வாப்பா எனக்குத் தந்த வீடு. மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்தவர் நீங்கள். இதுவரை நான் இதைச் சொல்லிக் காட்டியதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. என் பெயரில் உள்ளவற்றில் உண்மையாகவே என்னுடையது இது ஒன்றுதான். ஜன்னத்தை ராத்தா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். பார்க்க வேண்டுமானால் இங்கே வாருங்கள்.

அந்த வேலை போனால் போகட்டும். பாஸ்போர்ட்டை எப்படியாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். முன்கட்டைத் தடுத்து ஒரு மளிகைக் கடை வைக்கலாம், உங்களுக்குக் கணக்கு வரும், எனக்கு வாய் வரும். ஊர் என்ன சொன்னாலும் உப்புப் புளிக்கு வராமல் இருக்காது. இதை வேண்டிக் கேட்கிறேன். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது வேறு.

'ஹமீதா சொன்னாள்' என்று எழுதச் சொன்னேன். நீங்கள் எழுதவில்லை. இனிக் கேட்க மாட்டேன்.

கதவுக்கு இப்போது உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். தெருப் பிள்ளைகள் கல் எறிகிறார்கள். நீங்கள் வந்து தட்டினால் "யாரு?" என்று கேட்பேன். கனைத்தால் திறக்க மாட்டேன். வாய் திறந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள், திறக்கிறேன்.

ஹமீதா பானு